கேக்கின் உச்சியில் பழைய பொம்மை: வயதைக் கேட்குமுன் பொருளைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் மலைப்பகுதித் தோட்டத் திருமணங்களைப் பற்றி வெளிவந்த கட்டுரையைப் படித்தேன். பந்தல், விளக்கு, மேசை விரிப்பு என எல்லாவற்றையும் விரிவாகச் சொன்ன கட்டுரையாளர், திருமணக் கேக்கின் உச்சியில் பழங்காலத்து மணமக்கள் பொம்மை ஒன்றை வைத்துவிட்டால் 'விண்டேஜ்' தோற்றம் நிறைவு பெற்றுவிடும் என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அந்த ஒரு வரிதான் இப்போது எங்களைப் போன்ற கேக் செய்பவர்களின் வாசலுக்கு வந்து நிற்கிறது. பெண் வீட்டார் கைப்பேசியில் படத்தைக் காட்டி, இதே மாதிரி வேண்டும் என்கிறார்கள். குன்னூரில் வெகு காலமாகத் திருமணக் கேக்குகள் செய்து வருபவள் என்ற முறையில் நான் சொல்ல விரும்புவது இதுதான்: பழைய டாப்பர், அதாவது கேக்கின் உச்சியில் வைக்கும் அலங்காரப் பொருள், வாங்கும்போது அதன் வயதையும் அழகையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அது எதனால் செய்யப்பட்டது, நம் தோட்டத்துக் காற்றையும் ஈரத்தையும் வெயிலையும் அது தாங்குமா, அதன் கனத்தை நம் கேக் தாங்குமா என்பவற்றையே முதலில் கேட்க வேண்டும்.

இந்த வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைச் சற்றுச் சொன்னால்தான் மேற்கொண்டு பேச வசதியாக இருக்கும். 1840-ஆம் ஆண்டு பிப்ரவரி 10 அன்று லண்டனில் நடந்த விக்டோரியா மகாராணியின் திருமணத்துக்குச் செய்யப்பட்ட கேக்கின் எடை ஏறத்தாழ 300 பவுண்டு, அதாவது 136 கிலோ. சுற்றளவு மூன்று கஜம். அதன் உச்சியில், ஏறக்குறைய ஓர் அடி உயரத்தில், பிரிட்டனின் உருவகமான பிரிட்டானியா தேவி மணமக்களை ஆசீர்வதிக்கும் காட்சி வைக்கப்பட்டிருந்ததாக அக்காலச் செய்திகள் கூறுகின்றன. மகாராணியும் ஆல்பர்ட் இளவரசரும் பண்டைய ரோமானிய உடையில் இருந்தார்களாம். இளவரசரின் காலடியில் விசுவாசத்துக்கு அடையாளமாக ஒரு நாய், மகாராணியின் காலடியில் ஒரு ஜோடிப் புறா, பக்கத்தில் மணநாளை ஏட்டில் எழுதும் ஒரு குட்டி மன்மதன். (மணமேடையில் இல்லாத நாய்க்கும் கேக்கின் மேல் இடம் கிடைத்ததை எண்ணினால் எனக்குச் சிரிப்பு வரும்.) ஆனால் பிற்காலத்து ஆங்கிலேயக் கேக்குகளின் உச்சியில் பெரும்பாலும் மணமக்கள் பொம்மை நிற்கவில்லை, வெள்ளியாலோ சர்க்கரையாலோ செய்த சிறு பூக்குடுவையும் அதில் புத்தம்புதிய பூக்களுமே இருந்தன. கோட்டு அணிந்த மணமகனும் முக்காடிட்ட மணமகளும் கைகோர்த்து நிற்கும் பொம்மை, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அமெரிக்காவில்தான் வீட்டுக்கு வீடு பரவியது. நம் திருச்சபைக் குடும்பங்களுக்குப் பழக்கமான பிளம் கேக், மார்சிபான் என்னும் பாதாம்-சர்க்கரைப் பசை, காய்ந்தால் இறுகும் ராயல் ஐசிங் என்னும் சர்க்கரைப் பூச்சு, கேக்கின் அடுக்குகளான தட்டுகளுக்கிடையே நிற்கும் தூண்கள் ஆகியவை எல்லாம் ஆங்கிலேய வழியில் வந்தவை. இப்போது இணையத்தில் விற்கப்படும் விண்டேஜ் டாப்பர்களோ பெரும்பாலும் அமெரிக்கச் சந்தைக்காக ஜெர்மனியிலும் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் செய்யப்பட்டவை. கனமான, கெட்டியான கேக்குக்குப் பழகிய கண்ணோடு அவற்றை வாங்கி, இன்றைய பஞ்சு போன்ற கிரீம் கேக்கின் மேல் வைப்பதில்தான் தொல்லை தொடங்குகிறது.

இந்தப் பழைய டாப்பர்களில் நான் கையால் தொடுவதற்கே தயங்குவது, பழங்காலப் பிளாஸ்டிக்கான செல்லுலாய்டில் செய்த பொம்மைகளை. இரண்டு உலகப் போர்களுக்கும் இடைப்பட்ட காலத்தில் இவை ஏராளமாக வந்தன. உருண்டைக் கண்ணும் உச்சிக் குடுமியும் கொண்ட கியூப்பி பொம்மைகளுக்கு மணமக்கள் உடை உடுத்தி விற்றதும் உண்டு. கையில் எடுத்தால் முட்டை ஓடு போல லேசாக இருக்கும். நைட்ரோசெல்லுலோஸும் கற்பூரமும் சேர்ந்ததே செல்லுலாய்டு. ஆகவே அதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு: பொம்மையின் அடிப்பகுதியைக் கட்டைவிரலால் சூடேறும்வரை தேய்த்து மோந்து பார்த்தால் மெல்லிய கற்பூர வாசனை வரும். பூஜை அறை உள்ள வீட்டில் பிறந்த எவருக்கும் அந்த வாசனை தப்பாது. அந்தக் கற்பூரத்தைப் போலவே அதுவும் எளிதில் பற்றிக்கொள்ளும். 1951-ஆம் ஆண்டு வாக்கில் தயாரிப்பு நிறுத்தப்படும்வரை உலகெங்கும் எத்தனையோ திரைப்படப் பிரதிகளைச் சாம்பலாக்கிய நைட்ரேட் பிலிமும் இதே குலத்தைச் சேர்ந்ததுதான். இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் வரவேற்புகளில் கேக் வெட்டும் நேரத்தில் கேக்கின் மேலேயே மத்தாப்பு மெழுகுவத்தியைச் செருகிக் கொளுத்துகிறோம். நண்பர்கள் நுரை ஸ்பிரேயை அடித்துத் தள்ளுகிறார்கள். அந்த ஸ்பிரேக்களில் பலவற்றில் இருக்கும் வாயு தானே தீப்பிடிக்கக் கூடியது. இவற்றுக்கு நடுவே செல்லுலாய்டு பொம்மையையோ, மெல்லிய நெட் துணியால் செய்த பழைய வளைவையோ நிறுத்துவது அலங்காரம் ஆகாது, ஆபத்து. தங்கள் கட்டுரையோடு வந்த படத்திலேயே நெட் வளைவுக்கு ஒரு சாண் தள்ளி மத்தாப்பு எரிந்துகொண்டிருக்கிறது. மத்தாப்பு வேண்டும் என்று பிடிவாதமாக நிற்கும் வீட்டாரிடம், அப்படியானால் பழைய டாப்பர் வேண்டாம் என்று நான் சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் வைத்துக்கொள்ள முடியும்.

அடுத்தது கம் பேஸ்ட் எனப்படும் சர்க்கரைப் பசைப் பொம்மைகள். வறண்ட ஊரில், கண்ணாடிக் கவிழ்ப்பின் கீழே, இவை பல பத்தாண்டுகள் நிற்கும். குன்னூரில் நிற்காது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்தில் இருக்கும் எங்கள் ஊரில், பிற்பகல் மூன்று மணிக்குப் பளிச்சென்று இருக்கும் புல்வெளியை நான்கு மணிக்கு மேகம் வந்து மூடிவிடும். அந்த ஈரத்தைச் சர்க்கரை உறிஞ்சிக்கொள்ளும். முதலில் மேற்பரப்பு பிசுபிசுக்கும், பிறகு மணமகனின் கை சரியும், அதன்பின் எறும்பு மணம் பிடித்து வந்துவிடும். சமவெளியிலும் கடற்கரைச் சாலைத் தோட்டங்களிலும் எறும்பின் தொல்லை இன்னும் கூடுதல். பிளாஸ்டர் பொம்மைகளும் ஈரத்துக்கு எதிரிகளே. தண்ணீர் பட்டால் வண்ணம் எழும்பிவிடும், மூலை உதிரும். பிரிட்டனில் போர்க்காலத்தில், 1940-ஆம் ஆண்டு, கேக்கின் மேல் சர்க்கரை ஐசிங் பூசுவதற்கே தடை விதித்தபோது, அட்டையாலும் பிளாஸ்டராலும் செய்த போலிக் கேக் மூடிகளை வாடகைக்கு எடுத்துச் சிறிய கேக்கின் மேல் கவிழ்த்து வைத்தார்கள். அந்தக் காலத்துப் பிளாஸ்டர் அலங்காரம் ஒன்று கிடைத்தால் அது வரலாறு. கண்ணாடிப் பேழைக்குள் வைத்துப் பார்க்கலாம், பனி இறங்கும் புல்வெளிக்கு அது வேண்டாம்.

தோட்டத்துக்கு ஏற்றது என்று நான் துணிந்து சொல்வது மெருகு பூசாத பீங்கானை, பிஸ்க் என்கிறார்களே அதை. சென்ற ஆண்டு பக்கத்திலுள்ள வெலிங்டனிலிருந்து ஒரு குடும்பத்தார், மணமகளின் பாட்டி வைத்திருந்த ஒரு ஜோடியை மல் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். நாலு அங்குல உயரம். மணமகனின் கறுப்புக் கோட்டு தோளருகே தேய்ந்து உள்ளிருக்கும் வெண்மை தெரிந்தது. மணமகளின் மூக்கு அரிசி முனையளவுதான், ஆனாலும் ஒரு சிறு சேதமும் இல்லை. கையில் பிடித்திருந்த மெழுகுப் பூங்கொத்து மட்டும் பழுப்பேறிப் போயிருந்தது. கவிழ்த்துப் பார்த்தால் அடியில் சிவப்பு எழுத்தில் 'ஜப்பான்' என்ற முத்திரை. விரல் நகத்தால் தட்டியபோது கிண்ணென்று ஒலித்தது, தொட்டால் குளிர்ச்சி. இதுபோன்ற மலிவு ஜப்பானியப் பொம்மைகளில் வண்ணத்தைச் சூளையில் இட்டுச் சுடாமல் மேலாகவே தீட்டியிருப்பார்கள். கழுவினால் மணமகன் கோட்டில்லாமல் நிற்க வேண்டியதுதான். ஆகவே காய்ந்த மென்மையான தூரிகையால் தூசியை மட்டும் தட்டினோம். மூடுபனி வந்தது, போனது. பொம்மைக்கு ஒன்றும் ஆகவில்லை.

பீங்கான் என்றாலும் அதன் காலத்தை அறிந்து வாங்க வேண்டுமானால் அந்த அடிமுத்திரையைப் படிக்கப் பழக வேண்டும். அமெரிக்காவுக்குள் இறக்குமதியாகும் பொருளில் அதன் நாட்டுப் பெயர் இருக்க வேண்டும் என்று 1891-இல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானியப் பொருள்களில் 'நிப்பான்' என்றிருந்த முத்திரை 1921-க்குப் பிறகு 'ஜப்பான்' என்று மாறியது. போருக்குப் பின், 1952 வரை, 'ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பானில் செய்யப்பட்டது' என்று பொருள்படும் ஆங்கில முத்திரையும் இருந்தது. இந்தக் கடைசி முத்திரைக்குச் சேகரிப்பாளர்களிடையே மதிப்பு அதிகம் என்பதால் போலிகளும் வந்துவிட்டன. முத்திரை இருக்கிறது என்பதற்காக மட்டும் விலை கொடுத்துவிடக் கூடாது. இணையத்தில் விண்டேஜ் என்ற சொல்லைச் சேர்த்து விற்கப்படுபவற்றில் பல, அண்மையில் ரெசின் என்னும் செயற்கைப் பிசினில் வார்த்தவை. ரெசின் தொட்டவுடன் குளிர்வதில்லை, தட்டினால் மொக்கையாக ஒலிக்கும். புதியது என்று தெரிந்தே ரெசினை வாங்குவதில் எனக்கு ஒரு மறுப்பும் இல்லை. சொல்லப்போனால் காற்று பலமாக அடிக்கும் தோட்டத்துக்கு அதுவே பொருத்தம். பழையது என்ற விலையில் அதை வாங்குவதைத்தான் தடுக்க விரும்புகிறேன்.

எந்தப் பொருளாக இருந்தாலும், பழைய டாப்பரின் அடி கேக்கில் படவே கூடாது. இதில் விதிவிலக்கே கிடையாது. பழைய வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பது சாதாரணம்; அமெரிக்காவில் வீட்டு வண்ணப்பூச்சில் ஈயத்துக்கு 1978-இல்தான் தடை வந்தது. நம் நாட்டில், பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது என்ற விதி நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். டாப்பர்களில் வரும் வார்த்த உலோக மணிகளிலும் குதிரை லாடங்களிலும் ஈயமே உலோகத்தின் பகுதியாக இருக்கலாம். ஆகவே உணவுக்குப் பயன்படுத்தும் தரத்தில் உள்ள அக்ரிலிக் வட்டம் ஒன்றை, பொம்மையின் அடியைவிட எல்லாப் பக்கமும் அரை அங்குலமாவது பெரிதாக வெட்டி, அதன்மேல்தான் பொம்மையை நிறுத்த வேண்டும். வட்டத்தின் விளிம்பை மறைக்க ஐசிங்கில் ஒரு சுற்று முத்துக்கோலம் போட்டுவிட்டால் பார்ப்பவருக்குத் தெரியாது. அந்தச் சுற்றை யாரும் உண்ணாமல் எடுத்துப் போட்டுவிடலாம்.

கனத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பழைய காலத்துப் பிளம் கேக்கின் மேல் ராயல் ஐசிங் காய்ந்து ஓடு போல இறுகியிருக்கும். அதன்மேல் பீங்கான் ஜோடி அசையாமல் நிற்கும். இன்றைக்கு நம் ஊரில் பெரும்பாலோர் கேட்பது ஸ்பாஞ்சும் விப்பிங் கிரீமும்தான். வெண்ணெய் கிரீமாக இருந்தாலும், வெண்ணெய் 32 முதல் 35 டிகிரி செல்சியசில் உருகிவிடும் என்பதை மே மாதத்தில் சமவெளியில் தோட்டத் திருமணம் வைப்பவர்கள் மறந்துவிடுகிறார்கள். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான லெந்து நாட்கள் கழிந்து ஈஸ்டர் முடிந்தவுடன் திருமணங்கள் வரிசையாக வருவதால், எங்களுக்கு வேலை மிகுந்த காலமும் வெயில் உச்சத்தில் நிற்கும் காலமும் ஒன்றாகவே இருக்கின்றன. அத்தகைய கேக்கின் மேல் கனமான பொம்மையை வைத்தால், பாதிரியார் ஜெபம் செய்து முடிப்பதற்குள் மணமக்கள் முழங்கால்வரை புதைந்துபோவார்கள். மேல் தட்டுக்குள் நாலைந்து தாங்குகுச்சிகளைக் கிரீமின் மட்டத்துக்கு வெட்டி இறக்கி, அந்தக் குச்சிகளின் தலையில் அக்ரிலிக் வட்டம் உட்காரும்படி செய்தால், கனம் கிரீமின் மேல் இறங்காமல் அந்த மேல் தட்டின் அடியில் இருக்கும் அட்டைக்குப் போய்விடும். இதைவிட எளிய வழி, மேல் தட்டை மட்டும் தெர்மாகோலில் செய்து ஐசிங் பூசிவிடுவது. அது ஏமாற்று வேலை என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். இலங்கையில் அலங்காரக் கேக்கை ரெஜிஃபோமில் (அங்கே தெர்மாகோலுக்கு வழங்கும் பெயர்) செய்து காட்சிக்கு வைத்துவிட்டு, விருந்தினருக்கு ரிச் கேக் துண்டுகளைச் சிறு பெட்டிகளில் வைத்துக் கொடுப்பது நெடுநாள் வழக்கம். அங்கே அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை.

அளவு விஷயத்தில் என் பழக்கத்தைச் சொல்கிறேன். மேல் தட்டு ஆறு அங்குல விட்டம் என்றால் பொம்மையின் உயரம் அதைத் தாண்டாமல் இருப்பது நல்லது. வளைவும் மணியும் சேர்ந்து பத்து அங்குலம் போகும் 1950-களின் டாப்பர்கள் அரங்குக்குள் பார்க்க நன்றாக இருக்கும், வெட்டவெளியில் அவற்றின் நெட் துணி பாய்மரம் மாதிரி காற்றைப் பிடித்துக்கொள்ளும். நிறத்தைப் பொறுத்தவரை, பழுப்பேறிய பழைய நெட்டை வெளுப்பு மருந்தில் முக்காதீர்கள், நார் இற்றுப்போய்விடும். ஐசிங்கின் வெண்மையைத்தான் குறைக்க வேண்டும். தந்த நிறத்தில் ஒரு துளி சேர்த்தால் பொம்மை அழுக்காகத் தெரியாது.

இவ்வளவுக்கும் மேல், என் தனிப்பட்ட கருத்து ஒன்று. பொன்னிறக் கூந்தலும் ரோஜாக் கன்னமும் கொண்ட அந்தப் பழைய ஜோடி, வெண்பட்டுச் சேலை உடுத்தி நெட் முக்காடிட்ட நம் மணப்பெண்ணுக்கு எந்த வகையிலும் ஒட்டுவதில்லை. பாட்டியின் திருமணத்தில் நின்ற பொம்மை என்றால் அந்த உறவே போதும், வேறு பொருத்தம் பார்க்க வேண்டாம். அப்படி இல்லாமல் முன்பின் தெரியாத யாரோ வைத்திருந்த பொம்மையைக் கடல் கடந்து வரவழைப்பதற்குப் பதிலாக, மணிகளோ புறாக்களோ போதும்; அதைவிடவும் நான் விரும்புவது ஆங்கிலேயர் வைத்த அந்தச் சிறு பூக்குடுவை. வீட்டில் இருக்கும் பழைய வெள்ளிச் சாமான்களிலேயே அதற்குத் தகுந்த ஒன்று அகப்பட்டுவிடும். ஈயமோ நைட்ரேட்டோ என்று அஞ்ச வேண்டியதில்லை, காற்றுக்கும் சாயாது. பூவைத் தேர்வதில் மட்டும் கவனம் வேண்டும்: எங்கள் மலையில் வேலி நெடுகப் பூக்கும் ஹைட்ராஞ்சியா பார்வைக்கு எவ்வளவு அழகோ அவ்வளவு நச்சுத்தன்மை உள்ளது, அரளியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மருந்தடிக்காத ரோஜா போதும்.

கடைசியாக, கேக்கில் கத்தி வைப்பதற்கு முன் டாப்பரை இறக்குவது யார் என்பதை முந்தைய நாளே முடிவு செய்துவிட வேண்டும். புகைப்படக்காரர் அவசரப்படுத்துவார், குழந்தைகள் எட்டிப் பிடிப்பார்கள். பெண்ணின் அத்தையோ சித்தியோ ஒருவரை நியமித்து, அவர் கையில் ஒரு மூடியுள்ள டப்பாவையும் மல் துணியையும் கொடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை வேண்டாம், உள்ளே ஈரம் தங்கிவிடும். செல்லுலாய்டு பொம்மை வீட்டில் இருந்தால் அதை மற்ற பொம்மைகளோடு ஒரே பெட்டியில் வைக்காதீர்கள். அது சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் துணியையும் உலோகத்தையும் சேர்த்துக் கெடுத்துவிடும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
குன்னூர், நீலகிரி மாவட்டம்